போத்தல் யாருடைய பையில்? கதிர்காமத்துக்கு பஸ் பிடிக்கும் ஊவாத் தோட்டத்துத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஸ்பிரிங்வெலி, தெமோதரை, ஹப்புத்தளை, பூனாகலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாலும் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆடி நெருங்கினால் கொப்பியும் பேனையுமாக லயம் லயமாக ஏறி இறங்கி, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கட்டி, ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆள் பிடித்து, கதிர்காமத்துக்கு ட்ரிப் கிளப்புகிறவர்கள் நீங்கள். கொழுந்து மலையையும் பிள்ளைமடுவத்தையும் பதுளை டவுனையும் தவிர வேறு ஊர் பார்க்காத எத்தனையோ பெண்களுக்கு மாணிக்க கங்கையில் முழுகும் பாக்கியம் உங்களால்தான் கிடைக்கிறது. அதற்கு முதலில் நன்றி.

நான் எழுத வந்தது, அதே பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் ஏறும் போத்தலைப் பற்றி. குடிக்காதீர்கள் என்று சொல்லும் கடிதம் இது இல்லை. அதைச் சொல்வதற்குக் கோயிலில் ஆள் இருக்கிறது, மேடையில் ஆள் இருக்கிறது, தேர்தல் காலம் தவிர்ந்த நாட்களில் தொழிற்சங்கத்திலும் ஆள் இருக்கிறது. என் கேள்வி அதைவிடச் சின்னது. கொண்டுபோகும் போத்தலை யாருடைய பையில் ஒளித்து வைக்கிறீர்கள்?

ஒளித்துக் கொண்டுபோவதில் உங்களுக்கு அண்ணன்மார் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போகிற வெள்ளைக்காரர்கள் செய்யும் வேலையைக் கேட்டால் சிரித்து விடுவீர்கள். வாய் கொப்பளிக்கும் மருந்துப் போத்தலைக் காலி பண்ணிக் கழுவி, அதில் வொட்காவை ஊற்றி, கேக்குக்குப் போடும் பச்சைக் கலரிங்கில் இரண்டு சொட்டு விட்டு, மூடியைப் புதுசு மாதிரி ஒட்டி பெட்டிக்குள் வைப்பார்கள். ஷாம்பு போத்தல், சன்ஸ்கிரீன் டியூப், உள்ளே குழி விட்ட தலைவாரும் பிரஷ், பார்வைக்கு தொலைநோக்கியாக இருந்து மூடியைத் திருகினால் குடுவையாகும் சாமான் என்று இதற்கென்றே ஒரு தனி வியாபாரம் நடக்கிறது. ‘ரம் ரன்னர்’ என்ற பெயரில் மடித்து வைக்கக்கூடிய பிளாஸ்டிக் பைகளையே செய்து விற்கிறார்கள்.

பெரிய கப்பல் கம்பனிகள் ஆளைக் குடிக்க வேண்டாம் என்று சொல்வதில்லை. ரோயல் கரீபியன், கார்னிவல் போன்றவை முதல் நாள் ஏறும்போது வயது வந்த ஒருவர் 750 மில்லிலீட்டர் வைன் போத்தல் ஒன்றைக் கையோடு கொண்டுவரலாம் என்று விட்டிருக்கின்றன. விஸ்கி, ரம், ஜின் எதுவும் ஏறக்கூடாது. பெட்டிகள் எல்லாம் எக்ஸ்ரே மெஷினுக்குள்ளால் போகும். சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டி அறைக்கு வந்து சேராது. பாதுகாப்புப் பிரிவுக்கு வரச் சொல்லி ஆளைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே திறப்பார்கள். சில கம்பனிகள் போத்தலை வாங்கி வைத்துக் கடைசி நாளில் திருப்பிக் கொடுக்கும்; சில கம்பனிகள் கொட்டிவிடும். இவ்வளவு கண்டிப்பு எதற்கென்றால், கப்பலுக்குள்ளே மதுச்சாலை நடத்துவதே கம்பனிதான். டிக்கெட் காசு போக, கப்பலில் ஏறிய பிறகு பயணி செலவழிக்கும் காசு பெரிய கம்பனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதில் கிளாஸ் கிளாஸாக விற்கும் மதுவுக்குப் பெரிய இடம் உண்டு. பயணி பெட்டிக்குள் ரம் கொண்டுவந்தால் அந்தக் கல்லாவில் கைவைத்த மாதிரி.

கப்பலும் மதுவும் சேர்ந்த கதை பழையது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மது விற்பதற்கே தடை இருந்தது. அப்போது நியூயோர்க்கிலிருந்து கப்பல்கள் எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல், சட்டம் செல்லும் கடல் எல்லையைத் தாண்டி நின்று, ஆட்களைக் குடிக்க விட்டுத் திரும்பி வந்தன. ‘எங்கும் போகாத பயணம்’ என்றே அதற்குப் பெயர். துறைமுகத்துக்குள் வரும் வெளிநாட்டுக் கப்பல் பூட்டி வைத்த மதுவைக்கூட வைத்திருக்கக்கூடாது என்று 1923இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது.

இந்தக் கப்பல்கள் நமக்கு ரொம்ப தூரமும் இல்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் நாட்டைச் சுற்றி வந்தது. வெல்லவாயவில் இறங்கி நேரே போனால் அந்த அம்பாந்தோட்டைதான்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், கப்பலில் ஒளிக்கிறவன் தன் பெட்டியில் ஒளிக்கிறான். பிடிபட்டால் அவன் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், அவன் போத்தல்தான் போகும், அவன் முகம்தான் சிவக்கும். விளையாட்டு அவனுக்கும் கம்பனிக்கும் இடையில். நம் கதிர்காம பஸ்ஸில் நடப்பது அப்படியா?

திருவிழா நேரத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். புனித பூமிக்குள் போகுமுன் எங்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் லயத்துப் பெரியம்மா. கொழுந்தெடுத்தே விரல் நுனி எல்லாம் கறுத்துப் போன மனுசி. கொடியேறின நாளிலிருந்து ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம். பொலிஸ் பெண்பிள்ளை அவருடைய பையை அவிழ்த்தது. மேலே சாமிக்குச் சாத்தக் கொண்டுவந்த சிவப்புப் பட்டு, அதற்குக் கீழே தேங்காய், கற்பூரப் பெட்டி, ஒரு சின்ன டப்பாவில் திருநீறு, மாற்றுச் சேலை. எல்லாவற்றுக்கும் அடியில், அவர் வைக்காத ஒரு துவாய். துவாய்க்குள் அரைப் போத்தல் சாராயம்.

“மேக்க காகெத?” என்றது அந்தப் பிள்ளை. யாருடையது என்று கேட்பது பெரியம்மாவுக்கு விளங்கியது. துவாயைப் பார்த்தார். அது யாருடைய துவாய் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆண்கள் வரிசையில் அந்தத் தம்பி போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “எனக்குத்தாம்மா, கால் வாதத்துக்குத் தடவ” என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பொலிஸ் பிள்ளை சிரிக்கவில்லை. போத்தலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பட்டைத் தொடாமல் பையை மூடிக் கொடுத்தது. அன்றைக்குப் பெரியம்மா கோயிலுக்குள் வரவில்லை. சாராயம் பட்ட பட்டை சாமிக்கு எப்படிக் கொடுப்பது என்று வாசலிலேயே உட்கார்ந்து விட்டார்.

தம்பிமாரே, உங்களுக்கு அது ஒரு செக்கிங். அந்தத் தலைமுறைக்கு அப்படியில்லை. அவர்களுடைய தாய் தகப்பன்மார் மண்டபம் முகாமில் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, தலைமன்னாரில் இறங்கி, இந்த மலைக்கு ஏறி வந்தவர்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெட்டி படுக்கையோடு இந்தியாவுக்கு இராமானுஜம் கப்பலேறிப் போன சொந்தங்கள் எத்தனை! அவர்களும் தகரப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனார்கள். யுத்த காலத்தில் கொழும்புக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளைத் தனியாக இறக்கி வைத்தார்கள். பையில் என்ன கிடந்தது என்பதில் ஒருவனுடைய வாழ்க்கையே நின்றது. அந்தப் பயத்தோடு பிள்ளை வளர்த்த ஒரு தாய்க்கு, காக்கி உடுப்புப் போட்ட ஒருவர் தன் பைக்குள் கைவிடும் நேரம் என்ன நேரம் என்று யோசித்துப் பாருங்கள். பொம்பிளைகளின் பையைச் சோதிக்க மாட்டார்கள், கிழவியின் பையைக் கிண்ட மாட்டார்கள் என்பதுதானே உங்கள் கணக்கு? அந்த மரியாதையைச் சம்பாதித்தது அவர். செலவழிப்பது நீங்கள்.

அடுத்தது, சோடா போத்தலில் ஊற்றுகிற வேலை. சாராயத்தின் நிறம் தெரியாமல் இருக்க கோலாவிலோ இஞ்சி பியரிலோ கலந்து, மூடியை இறுக்கித் திருகி, சாப்பாட்டுப் பைக்கு நடுவில் வைக்கிறீர்கள். அதைக் கண்டுபிடிக்க பொலிசுக்கு நேரம் எடுக்கும். பஸ்ஸில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நிமிசம் போதும். வெல்லவாய தாண்டியதும் வெக்கை ஏறும். மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைகள் தாகம் தாகம் என்று கத்தும். கண்ணுக்கு எட்டின இடத்தில் சோடா போத்தல் இருந்தால் கை போகாமல் இருக்குமா? சின்ன உடம்பில் சாராயம் இறங்கினால் இரத்தத்தில் சீனி மளமளவென்று குறையும், மயக்கம் வரும், வலிப்பும் வரலாம். அந்த வீதியில் ஆஸ்பத்திரியை எங்கே தேடுவீர்கள்?

போத்தலை மாற்றினவுடன் இன்னொன்றும் போய்விடுகிறது. கடைப் போத்தலில் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இருக்கும். எங்கே வடித்தது, எவ்வளவு காரம் என்று எழுதியிருக்கும். சோடா போத்தலுக்கு அப்பன் பெயர் இல்லை. காசு போதாமல் போகும்போது அதே போத்தலுக்குள் கசிப்பு வந்தாலும் குடிக்கிறவனுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனோல் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிரைக் கொண்டுபோனது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மெத்தனோலுக்குத் தனி நிறமும் இல்லை, நாக்கு கண்டுபிடிக்கிற ருசியும் இல்லை. கண் மங்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

ஒளித்த சாராயத்தை யாரும் ஆறுதலாகக் குடிப்பதில்லை. இதையும் பார்த்திருக்கிறேன். செக்கிங் வரப்போகிறது என்றதும் பின் சீட்டில் அவசர அவசரமாகப் போத்தல் கைமாறும். தண்ணி கலக்க நேரமில்லை, சாப்பாடு இல்லை. ஒரு மணித்தியாலத்தில் குடிப்பதை ஐந்து நிமிசத்தில் இறக்கிவிட்டு, இறங்கியதும் நேரே தண்ணிக்குள் பாய்வது. போகிற வழியெல்லாம் நமக்குத் தண்ணிதான். எல்ல கடந்தால் இராவணன் எல்ல, கொஸ்லாந்தைப் பக்கமாக வந்தால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற தியலும, கீழே போனால் மாணிக்க கங்கை, திஸ்ஸ வாவி. நீச்சல் தெரியாத மலைநாட்டுப் பிள்ளைகள், வழுக்குப் பாறை, வயிற்றில் சுத்தமான சாராயம். இதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு வீட்டுச் சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது.

ட்ரைவரையும் மறந்துவிடாதீர்கள். எல்ல - வெல்லவாய வீதி எப்படிப்பட்டதென்று நாடே பார்த்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு தங்காலை நகர சபை ஊழியர்கள் ட்ரிப் வந்த பஸ் அந்த வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள். 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறைப் பக்கம் 13ஆம் கட்டையில் விழுந்தபோது அடிபட்டவர்களை நாம் நம் கையால் தூக்கினோம். அதற்கெல்லாம் காரணம் போத்தல் என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்காத ட்ரைவருக்கே இந்த மலை இறக்கம் அவ்வளவு சோதனை என்றால், பின்னால் ஆட்டமும் கூச்சலுமாக, “அண்ணே ஒரு வாய்” என்று நீட்டுகிறவர்களோடு இறங்குவது என்ன சோதனை என்று கேட்கிறேன். கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நிலைமை உண்டு: பயணி ஒளித்துப் பிடிபட்டால் போத்தல் போகும், வேலையாள் பிடிபட்டால் வேலை போகும். நம் ட்ரைவருக்கும் அதுதான். பஸ்ஸை நிறுத்தி வழக்குப் போட்டால், அடுத்த நாள் கோட்டுக்கு அலைவது கொப்பியில் பெயர் எழுதின நீங்கள் இல்லை. பஸ்ஸை லீசிங்கில் எடுத்த மனுசன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். “டீச்சர், நாங்கள் உழைச்ச காசு. கொழும்புக் கடையில் மாடாய் உழைத்துவிட்டு வருசத்துக்கு ஒரு தடவை வருகிறோம். பணக்காரன் ஹோட்டலில் குடித்தால் பார்ட்டி, தோட்டத்தான் குடித்தால் குடிகாரனா?” அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தான் என்றால் குடிகாரன் என்று பேப்பரில் எழுதுகிறவர்களோடு எனக்கும் சண்டைதான். இந்த நாட்டில் தவறணை திறந்து வைத்து வருமானம் பார்த்தது வெள்ளைக்கார அரசாங்கம். 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தபோது நாடு முழுக்க மது ஒழிப்புக் கூட்டங்கள் நடந்தன; தோட்டத்து வாசலில் தவறணை மட்டும் நின்றுபிடித்தது. இன்றைக்கும் பத்தாம் திகதிச் சம்பளம் கைக்கு வரும் நாளில் எந்த டவுனில் எந்தக் கடை வாசலில் கூட்டம் என்று போய்ப் பாருங்கள். வருசக் கணக்காகத் தொண்டை கிழியக் கத்தி 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 1,350 ஆனது 2024 செப்டெம்பரில். ஒரு முழுப் போத்தல் நல்ல சாராயம் அந்த ஒரு நாள் காசுக்குள் அடங்கியதில்லை. உங்கள் அம்மா ஒரு நாள் முழுக்க மலையேறி இறங்கின காசைத் தாண்டித்தான் அந்தத் துவாய்க்குள் ஒரு முழுப் போத்தல் போகும்.

உங்களை யாரும் குடிகாரன் என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் ஒளிக்காதீர்கள் என்கிறேன். இருபத்தொரு வயது நிரம்பினவர் உரிமம் பெற்ற இடத்தில் காசு கொடுத்து உட்கார்ந்து குடிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் வயதைத்தான் வரையறுத்தது. பெரியவன் ஒருவன் தன் முகத்தோடு, தன் பெயரோடு செய்கிற காரியம் அது. அதற்குக் கிடைக்கிற பேச்சும் ஏச்சும் அவனுக்குத்தான். தாயின் பைக்குள் வைத்து அனுப்பும்போது அந்தப் பேச்சு முழுச் சனத்தின் மேலும் விழுகிறது. அன்றைக்குச் செக்கிங்கில் சிரித்தவர்கள் அந்தத் தம்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆகவே கொப்பியைத் தூக்குமுன் இவற்றைக் கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் ட்ரிப்பையும் குடி ட்ரிப்பையும் பிரியுங்கள். கதிர்காமம் என்று பெயர் எழுதி அம்மாமாரிடம் காசு வாங்கினால் அது கோயில் ட்ரிப்தான். போகும் வழியிலும் வரும் வழியிலும் பஸ்ஸில் போத்தல் ஏறாது என்று காசு வாங்கும்போதே சொல்லுங்கள். கூட்டாளிமார் மட்டும் தனியாக ஒரு வேன் பிடித்துப் போவதென்றால் அது உங்கள் பாடு. அங்கேயும் ஓட்டுகிறவனுக்குக் கொடுக்காதீர்கள், குளிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சேர்த்த காசின் கணக்கை எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். ‘சில்லறைச் செலவு’ என்று ஒரு வரி எழுதி அதற்குள் போத்தலை மறைக்கும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. பையில் ஒளிப்பதற்கு முன்னால் கொப்பியில் ஒளிக்கும் வேலை அது. கால் நடக்க முடியாமல் பணம் மட்டும் கட்டி, திருநீறு கொண்டுவரச் சொன்ன கிழவியின் காசும் அந்த வரிக்குள் இருக்கிறது.

போயாவுக்கு முதல் நாள் சாராயம் வாங்கிப் பதுக்கி, கடை பூட்டியிருக்கும் போயாவன்று இரட்டை விலைக்கு விற்கிறவனுக்கு உங்கள் பஸ்ஸில் இடம் கொடுக்காதீர்கள். ஆடித் திருவிழா முடிவதும் போயாவும் ஒன்றாக வருவது அவனுக்குத் தெரியும்.

புறப்படும் அன்று காலையில், பஸ் படியில் நின்று, பை கொண்டுவரும் ஒவ்வொரு அம்மாவிடமும் “உங்கட பைக்குள்ள நீங்க வச்சது மட்டும்தான் இருக்கா, ஒரு தரம் பார்த்துக்கங்க” என்று கேளுங்கள். அவர்கள் அங்கேயே அவிழ்த்துப் பார்க்கட்டும். அவர் வைக்காத சாமான் ஏதும் இருந்தால், வைத்தவனுடைய பெயர் அங்கேயே, தோட்டத்து ஆட்கள் முன்னாலேயே தெரியவரட்டும். பொலிசுக்கு முன்னால் தெரியவருவதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த வருசம் பசறைப் பக்கத்து பஸ்ஸில் நானும் வருகிறேன். காசு கட்டியாகிவிட்டது. படியில் அந்தக் கேள்வியைக் கேட்க உங்களில் ஒருவருக்கும் வாய் வராவிட்டால், நான் கேட்பேன்.

அன்புடன்,
உங்களில் பலருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த
டீச்சர்
பசறை